வோல்ட்டைத் துரத்த வேண்டாம்: லீனியர் ஜெனரேட்டரைக் கணினியில் வடிவமைக்கத் தொடங்குவோருக்கு

குலுக்கினால் எரியும் டார்ச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு காந்தம், குழாயைச் சுற்றிக் கொஞ்சம் செப்புக்கம்பி. சுழலாமல் நேர்கோட்டில் ஓடி மின்சாரம் தரும் இதுதான் லீனியர் ஜெனரேட்டர். இதுவே பெரிதானால் கடல் அலையில் ஏறி இறங்கும் மிதவையின் ஜெனரேட்டர். 2004-இல் போர்ச்சுகல் கடலில் சோதித்த ஆர்க்கிமிடீஸ் வேவ் ஸ்விங் என்ற அலைமின் கருவியிலும், சுவீடனின் லீசெகில் கடற்கரையில் உப்சாலா பல்கலைக்கழகம் நடத்திய அலைமின் ஆய்விலும் இருந்தது இந்த வகைதான். வெளியிலிருந்து வெப்பம் கொடுத்து ஓட்டும் ஃப்ரீ பிஸ்டன் ஸ்டெர்லிங் எஞ்சினோடு சேர்த்தும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சுழலும் ஜெனரேட்டரை நீளவாக்கில் விரித்துப் போட்டதுபோல இருப்பதால் இது எளிது என்று தோன்றும். ஆனால் இதற்கு இரண்டு முனைகள் உண்டு, ஓட்டத்தின் இரு கோடியிலும் வேகம் பூஜ்யமாகும். பாதிச் சிக்கல் அங்கிருந்தே வருகிறது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வோல்ட் வரும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, மீட்டரில் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, ஒரு சின்ன எல்இடி வரிசையை இணைத்ததும் மொத்தமும் படுத்துவிட்டது. அந்த வோல்ட்டுக்குப் பின்னால் ஆம்பியர் இல்லை. ஆகவே எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

மென்பொருளுக்கு முன் ஒரு தாள்

சுருளோடு பிணைந்த காந்தப்பாயம் மாறும் வேகமே தூண்டு மின்னியக்கு விசை, அதாவது சுருளில் எழும் வோல்ட். ஃபாரடே 1831-இல் கண்டது. நம் இயந்திரத்தில் பாயம் மாறுவது காந்தம் நகர்வதால் மட்டுமே. எனவே மின்னழுத்தத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒரு மீட்டர் நகர்ந்தால் பாயப் பிணைப்பு எவ்வளவு மாறும் என்பது ஒன்று, வேகம் இன்னொன்று. முதல் பகுதியைச் சுருள் மாறிலி என்று வைத்துக்கொள்வோம். வேகம் உங்கள் அலையையோ எஞ்சினையோ பொறுத்தது. சுருள் மாறிலிதான் உங்கள் கையில் இருப்பது.

இந்த மாறிலிக்கு இரண்டு முகங்கள். ஒரு மீட்டர்/வினாடி வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்பது ஒரு முகம். சுருளில் ஒரு ஆம்பியர் ஓடினால் காந்தத்தின் மீது எத்தனை நியூட்டன் விசை என்பது மறுமுகம். இரண்டும் ஒரே எண்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் சிமுலேஷனைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 8 மி.மீ. ஆரமுள்ள உருளைக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 10 மி.மீ. நீளம், ஒரே துருவங்கள் எதிரெதிரே பார்க்கும்படி அடுக்கியவை, நடுவில் 4 மி.மீ. இரும்புத் துண்டுகள். அப்படியானால் ஒரு துருவத்திலிருந்து அடுத்த துருவத்துக்கு 14 மி.மீ. இதைத் துருவ இடைவெளி என்போம். சுருளின் சராசரி ஆரம் 12 மி.மீ., அகலம் 7 மி.மீ., கனம் 4 மி.மீ., 0.3 மி.மீ. கம்பியில் 200 சுற்று. சுருளுக்கு வெளியே ஒரு மெல்லிய இரும்புக் குழாய். துருவத்துக்கு நேரே சுருள் நிற்கும்போது கம்பி வழியே ஆரத்திசையில் சராசரியாக 0.25 டெஸ்லா பாய்கிறது என்று கொள்வோம்.

ஒரு சுற்றின் நீளம் 75.4 மி.மீ. ஆகவே மாறிலி 0.25 × 0.0754 × 200, அதாவது 3.77. ஒரு மீட்டர்/வினாடிக்கு 3.77 வோல்ட். மொத்தக் கம்பி 15 மீட்டர், மின்தடை ஏறக்குறைய 3.7 ஓம்.

இப்போது அதே இடத்தில் பாதிப் பரப்புள்ள கம்பியில் 400 சுற்று சுற்றுங்கள். வோல்ட் இரட்டிப்பாகும். மின்தடையோ நான்கு மடங்காகும், நீளமும் இரட்டிப்பு, பரப்பும் பாதி அல்லவா. கிடைக்கும் திறனில் எந்த மாற்றமும் இல்லை. மாறிலியின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துப் பாருங்கள்: முதல் சுருளில் சுமார் 3.9, இரண்டாவதிலும் அதே 3.9. இந்த எண்தான் நாம் துரத்த வேண்டியது. இதற்கு நேரடிப் பொருளும் உண்டு: சுருளின் இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் காந்தம் எவ்வளவு பிடித்து இழுக்கப்படும் என்பதன் அளவு இது. சுற்றுகளின் எண்ணிக்கையைக் கடைசியில், ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் சுற்றுக்கு) எத்தனை வோல்ட் தேவை என்று பார்த்து முடிவு செய்தால் போதும்.

தாளை மூடும் முன் இன்னொரு கணக்கு. காந்தத்துக்குள் பாய அடர்த்தி சுமார் 0.7 டெஸ்லா என்றால், இரண்டு பக்கக் காந்தங்களின் பாயமும் இரும்புத் துண்டின் விளிம்பு வழியேதான் வெளியேற வேண்டும். காந்தத்தின் ஆரத்தை இரும்பின் கனத்தால் வகுத்து 0.7-ஆல் பெருக்கினால் இரும்பின் விளிம்பில் உள்ள அடர்த்தி வந்துவிடும். 8-ஐ 4-ஆல் வகுத்தால் 1.4 டெஸ்லா, பரவாயில்லை. காந்தத்துக்கு இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று இரும்பை 2 மி.மீ. ஆக்கினால் 2.8 டெஸ்லா. சாதாரண இரும்பு அதைத் தாங்காது, 1.6 டெஸ்லாவைத் தாண்டியதும் தெவிட்டத் தொடங்கிவிடும். மிச்சப் பாயம் சுருளைத் தொடாமல் பக்கவாட்டில் கசியும்.

மாடலை வரைவது

தொடங்குவதற்கு காந்தப்புலத்தைக் கணக்கிட டேவிட் மீக்கர் எழுதிய இலவச மென்பொருளான எஃப்.இ.எம்.எம் போதும். பலரும் ஃபெம் என்றே சொல்கிறார்கள். இரண்டு பரிமாணம்தான். ஆனால் நம் இயந்திரம் உருளை வடிவம் என்பதால், அச்சைச் சுற்றிச் சமச்சீரான மாடலாக வரைந்தால் முப்பரிமாண விடையே கிடைக்கிறது. தட்டையான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இங்கே சிரமப்படுவார்கள், பக்கவாட்டுக் கசிவு இரு பரிமாணத்தில் தெரியாது. முதல் இயந்திரத்தை உருளையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அமைப்புகளில் அச்சுச் சமச்சீர் வகையையும் மில்லிமீட்டரையும் தேர்வது. மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது தள வடிவத்தையும் அங்குலத்தையும். 8 மி.மீ. காந்தம் 8 அங்குலமானால் படத்தில் வித்தியாசமே தெரியாது, எண்கள் மட்டும் எங்கோ போய் நிற்கும். அதிர்வெண் பூஜ்யம்.

அச்சுக்கு வலப்பக்கம் மட்டும் வரைய வேண்டும். காந்தம், இரும்புத் துண்டு, சுருள், வெளிக்குழாய் எல்லாமே வெறும் செவ்வகங்கள்தான். நகரும் பாகம் முழுவதையும் ஒரே குழுவாகக் குறித்துவிடுங்கள், கோடுகளும் புள்ளிகளும் பொருள் அடையாளங்களும் சேர்த்து. ஒன்றை விட்டாலும் நகர்த்தும்போது காந்தம் போய்விடும், அதன் அடையாளம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். காற்றுக்கான அடையாளத்தை எந்த நிலையிலும் காந்தம் வந்து ஏறாத ஓர் இடத்தில் வையுங்கள்.

பொருள்களுக்கு நூலகத்திலிருந்து என்42 நியோடிமியத்தையும் 1010 எஃகையும் எடுக்கலாம். காந்தத்தின் திசையை ஒன்று விட்டு ஒன்று 90 டிகிரி, 270 டிகிரி என்று மாற்றிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் 90 கொடுத்துவிட்டு, சுருளில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. தீர்வு வந்ததும் பாயக் கோடுகளைப் பாருங்கள். இரும்புத் துண்டிலிருந்து ஊற்றுபோல வெளியே வந்து, வெளிக்குழாயில் திரும்பி, அடுத்த துண்டில் இறங்க வேண்டும்.

சுருளுக்கு ஒரு மின்சுற்றை வரையறுத்து, தொடர் வகை, 200 சுற்று, மின்னோட்டம் பூஜ்யம் என்று கொடுங்கள். அடுத்த துருவத்துக்கு நேரே இன்னொரு சுருள் வைத்தால் அதற்குச் சுற்று எண்ணிக்கை கழித்தல் குறியோடு இருக்க வேண்டும், அதாவது எதிர்த்திசையில் சுற்றியது. ஒரே திசையில் சுற்றினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே சுருளை நீளமாகச் சுற்றுவதும் இதே தவறுதான். காந்தப்புலம் சைன் வடிவம் என்று வைத்தால், சுருளின் அகலம் துருவ இடைவெளியில் பாதியாக இருக்கும்போது 90 சதவீதம் கிடைக்கும், சமமாக இருந்தால் 64 சதவீதம், இரு மடங்கானால் பூஜ்யம். பல துருவங்கள் உள்ள தண்டின் மேல் நீளச் சுருளைச் சுற்றிவிட்டு "என் காந்தம் பலவீனம்" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பாவம், காந்தத்தின் மேல் பழி.

வெளி எல்லைக்கு ஃபெம்மில் உள்ள திறந்த எல்லைக் கருவியைப் பயன்படுத்தினால் வெட்டவெளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மெஷ்ஷில், அதாவது கணக்குக்காக மாடலைத் துண்டாக்கும் முக்கோண வலையில்தான் கவனம் தேவை. தானாக அமையும் முக்கோணங்கள் காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளியில் முரடாக இருக்கும். குழாய்ச் சுவரைத் தனிப் பகுதியாக வரைந்து, அங்கே 0.25 மி.மீ. அளவு கொடுங்கள். பிறகு அதைப் பாதியாக்கி மறுபடி தீர்த்துப் பாருங்கள். விடை ஒரு சதவீதத்துக்குமேல் மாறினால் இன்னும் நுணுக்க வேண்டும், மாறாவிட்டால் பழைய அளவுக்கே திரும்பலாம்.

நகர்த்து, தீர், குறி

காந்தத் தண்டை 0.7 மி.மீ. நகர்த்து, தீர், சுருளின் பாயப் பிணைப்பைக் குறித்துக்கொள், மறுபடி நகர்த்து. இரண்டு துருவ இடைவெளிக்கு, அதாவது 28 மி.மீ. தூரத்துக்கு, 40 தீர்வுகள். கையால் செய்தால் மூன்றாவதிலேயே சலித்துவிடும். ஃபெம்முக்குள்ளேயே லுவா மொழி இருக்கிறது, பைத்தான் தெரிந்தவர்களுக்கு அதற்கான இணைப்பும் உண்டு. இருபது வரி நிரல்தான்.

கிடைப்பது சைன் அலைபோல ஒரு வளைவு. அதன் சரிவுதான் சுருள் மாறிலி. அடுத்தடுத்த இரு புள்ளிகளைக் கழித்து வகுத்தால் வளைவு முள்ளுமுள்ளாக வரும், காரணம் ஒவ்வொரு நிலையிலும் மெஷ் புதிதாக அமைகிறது. அந்தச் சிறு பிழையைச் சரிவெடுத்தல் ஊதிப் பெரிதாக்கும். சைன் அலைகளைக் கூட்டி வளைவை எழுதும் ஃபூரியே தொடரின் முதல் சில உறுப்புகளைப் பொருத்திவிட்டு அதன் சரிவை எடுங்கள்.

இப்போது உரைகல். சரிவு உச்சமாக உள்ள நிலையில் தண்டை நிறுத்தி, சுருளில் 1 ஆம்பியர் கொடுத்துத் தண்டின் மீதான அச்சுத்திசை விசையை எடுங்கள். அதிலிருந்து பூஜ்ய ஆம்பியரில் உள்ள விசையைக் கழியுங்கள். மிச்சம் வரும் நியூட்டன், சரிவிலிருந்து வந்த எண்ணோடு இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மேலே ஒரு அடிகூட வைக்காதீர்கள். பெரும்பாலும் குழு ஒதுக்கியதில் ஏதோ விட்டுப்போயிருக்கும்.

பூஜ்ய ஆம்பியரில் வரும் விசையையும் தனியாக வரைந்து பாருங்கள். வெளிக்குழாய் வழவழப்பாகவும், தண்டின் ஓட்டத்தைவிட நீளமாகவும் இருந்தால் அது ஏறக்குறைய இருக்காது. குழாய் குட்டையாக இருந்தால் தண்டு நடுவுக்கு வரத் துடிக்கும், ஒரு ஸ்பிரிங் போல. சிலர் இதையே வேண்டுமென்று பயன்படுத்துகிறார்கள். தெரியாமல் வந்து மாட்டினால்தான் தொல்லை.

சுமையைச் சேர்த்தல்

தண்டு 10 ஹெர்ட்ஸில் நடுவிலிருந்து 16 மி.மீ. இருபக்கமும் ஆடினால் உச்ச வேகம் ஏறக்குறைய 1 மீட்டர்/வினாடி. சுமையும் 3.7 ஓம் என்றால் மின்னோட்டம் அரை ஆம்பியர், சுமையில் கிடைக்கும் திறன் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 1 வாட், சுருளில் வீணாவதும் அதே அளவு. சுமை மின்தடையை மூன்று மடங்காக்கினால் திறன் உச்சத்தில் 75 சதவீதமாகக் குறையும், ஆனால் பயன்திறன் 50-லிருந்து 75 சதவீதமாக ஏறும். அலை இலவசம் என்றால் முன்னது, எரிபொருள் எரிக்கிறீர்கள் என்றால் பின்னது.

இதெல்லாம் வேகம் மாறாது என்ற அனுமானத்தில். உண்மையில் மின்சாரம் எடுக்க எடுக்கத் தண்டு மெதுவாகும். ஒத்ததிர்வில் ஆடும் அதிர்வு ஜெனரேட்டரில் மின்னால் வரும் தணிப்பு, உராய்வு முதலிய மற்றத் தணிப்புக்குச் சமமாகும்போதுதான் அதிகம் கறக்க முடியும். ஆகவே நிறை, ஸ்பிரிங், தணிப்பு, சுற்று எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு நேர இடைவெளிகளில் கணக்கிடும் ஒரு நிரல் எழுதுங்கள், ஃபெம்மில் எடுத்த வளைவை அதில் அட்டவணையாகக் கொடுத்துவிட்டு. மின்தூண்டலைப் பொறுத்தவரை, நம் அளவுச் சுருளில் அது ஒன்றிரண்டு மில்லிஹென்றி, அரை ஓம்முக்குள் அடங்கிவிடும், விட்டுவிடலாம். பல்வெட்டிய இரும்பு உள்ள பெரிய இயந்திரங்களில் விட முடியாது.

மேம்படுத்தும்போது

சரி, இப்போதுதான் ஆப்டிமைசேஷன். முதலில் எதை அசைக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்: காந்தத்தின் விட்டம், அதன் மொத்த எடை, காற்றிடைவெளி. காற்றிடைவெளியை அசைக்க விட்டால் கணினி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும், அதைச் சொல்ல கணினி தேவையில்லை. அசைக்க வேண்டியவை மூன்று: துருவ இடைவெளியில் இரும்பின் பங்கு, சுருளின் அகலம், சுருளின் கனம். கனத்தில்தான் இழுபறி. சுருள் மெல்லியதானால் செம்பு போதாது. தடித்தால் வெளிச்சுற்றுகள் நீளமாகி மின்தடையைக் கூட்டும், வெளிக்குழாய் தள்ளிப்போவதால் புலமும் குறையும்.

பரிணாமம்போல வடிவங்களைக் கலந்து தேடும் ஜெனெடிக் அல்காரிதம் என்று உடனே பாய வேண்டாம். மூன்று மாறிகள், ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்புகள், மொத்தம் 512 வடிவங்கள். முழு ஓட்டத்தையும் தீர்க்கத் தேவையில்லை. சரிவு உச்சமாகும் இடத்துக்கு இருபுறமும் 1 மி.மீ. தள்ளி இரண்டு தீர்வுகள் போதும். ஒரு தீர்வுக்கு மூன்று வினாடி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் முதல் பத்து வடிவங்களை மட்டும் முழுத் தூரத்துக்கும் நகர்த்தி, மாறிலியின் வர்க்கத்தின் சராசரியை ஒப்பிடுங்கள், ஏனென்றால் கூரான உச்சம் உள்ள வடிவம் சராசரியில் தோற்கக்கூடும்.

முதலிடத்தில் வந்த வடிவத்தை அப்படியே எடுக்காதீர்கள். பெரும்பாலும் உச்சிக்கு அருகே ஒரு சமவெளி இருக்கும், அங்கே 0.2 மி.மீ. அங்கும் இங்கும் போனாலும் ஒன்றும் ஆகாது. அந்தச் சமவெளிக்குள் கடையில் கிடைக்கும் காந்த அளவு எது என்று பார்த்து அதைப் பிடியுங்கள். 9.3 மி.மீ. காந்தம் சொல்லிச் செய்ய வேண்டும், 10 மி.மீ. தயாராகக் கிடைக்கும்.

திரையில் தெரியாதவை

நிலையான காந்தப்புலத் தீர்வு, நகர்வதால் எழும் சுழல் மின்னோட்டத்தைக் காட்டாது. அலுமினியக் குழாய்க்குள் தண்டை ஓட விட்டாலும் ஃபெம் சிரித்துக்கொண்டே அழகான எண்ணைத் தரும். செய்து பார்த்தால் தண்டு தேனில் விழுந்ததுபோல நகரும். உள்குழாய் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். வெளி எஃகுக் குழாயிலும் இதே இழப்பு உண்டு. நீளவாக்கில் ஒரு கீறல் வெட்டிவிட்டால் வட்டமாக ஓடும் மின்னோட்டம் தடைபடும்.

அச்சுச் சமச்சீர் மாடலில் தண்டு எப்போதும் கச்சிதமாக நடுவில் இருக்கும். நிஜத்தில் அது ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் இரும்புக் குழாய் இன்னும் இழுக்கும், உராய்வு ஏறும். வெளிக்குழாய் வைத்தால் நல்ல வழிகாட்டி வளையமும் வேண்டும்.

வெப்பம் மூன்றாவது. நூலகத்து எண்கள் எல்லாம் அறை வெப்பநிலைக்கானவை. 80 டிகிரியில் சாதாரண நியோடிமியம் சுமார் 7 சதவீதம் இழக்கும், செம்பின் மின்தடை 23 சதவீதம் ஏறும். நாம் துரத்திய எண்ணில் அது 30 சதவீத வீழ்ச்சி. சாதாரண ரகத்துக்கு 80 டிகிரிதான் வரம்பு. எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று அமுக்கும் நம் அடுக்கில் அந்த வரம்பைக்கூட நம்பாதீர்கள்.

அடுக்கும்போது விரலையும் காத்துக்கொள்ளுங்கள். ஒரே துருவங்களை நெருக்கி நடுக்கம்பியில் கோத்து, நட்டு போட்டு இறுக்க வேண்டும். பசையை மட்டும் நம்பினால் தெறிக்கும், தெறித்தால் கண்ணாடிபோல் உடையும்.

ஒரு சுருள், ஐந்து சென்டிமீட்டர்

முழு இயந்திரத்தையும் கட்டும் முன் ஒரே ஒரு சுருளைச் சுற்றுங்கள். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சுருளுக்கு 5 செ.மீ. மேலிருந்து தண்டை விடுங்கள், கீழே பஞ்சு வையுங்கள். சுருளை எட்டும்போது வேகம் ஏறக்குறைய 1 மீட்டர்/வினாடி இருக்கும். சுமை எதுவும் இல்லாமல் ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பதியுங்கள்.

உச்ச வோல்ட்டை ஒப்பிட ஆசையாக இருக்கும். ஆனால் விழும் வேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது, உராய்வும் உண்டு, அதை நம்பிப் பயனில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் உள்ள பரப்பை எடுங்கள். வோல்ட்டை நேரத்தோடு கூட்டினால் வருவது பாயப் பிணைப்பின் மாற்றம் மட்டுமே, தண்டு வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அது மாறாது. ஃபெம் வளைவின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு நேராக ஒப்பிடலாம்.

பரப்பு எல்லா மேடுகளிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள், அதுவும் சரி என்றால் காந்தம் சொன்ன ரகம் இல்லை. இரு கோடி மேடுகள் மட்டும் பொருந்தவில்லை என்றால் தண்டின் முனைகளை மாடலில் சரியாக வரையவில்லை. நடுவில் ஒரே ஒரு மேடு மட்டும் குட்டையாக இருந்தால் அந்த இடத்துக் காந்தத்தில் விரிசல் இருக்கிறதா என்று தண்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.